டுரியான் ஏற்றிய சர்க்கரையை மங்குஸ்தீன் இறக்குமா?

நீரிழிவு உள்ள உங்கள் அப்பா டுரியான் பழம் சாப்பிட்டதும் சர்க்கரை ஏறியதை எழுதி, மங்குஸ்தீன் பழம் அதை இறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்காது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உங்கள் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ஏறவே செய்யும். டுரியான் சுளை 100 கிராமில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து, மங்குஸ்தீனில் 18. மங்குஸ்தீன் உடல் சூட்டைத் தணிக்கும் என்று மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். டுரியான் ஓட்டுக் குழியில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதும் அந்த வகைதான். சூடு வேறு, சர்க்கரை வேறு.

காலையில் கருவியில் சர்க்கரை 11 mmol/L (ஏறக்குறைய 200 mg/dL) காட்டியதற்கு, நீங்கள் எழுதியபடி இரவுச் சோற்றுக்கு மேல் ஐந்தாறு சுளை உள்ளே போனதுதான் காரணமாக இருக்க வேண்டும். சாலையோரக் கடையில் பழத்தை உடைத்த பிறகு யாருக்குத்தான் கை நிற்கிறது!

இப்படிப் பாருங்கள்:

1. ஒரு நாள் மதியம், சோற்றைப் பாதியாகக் குறைத்து, ஒரே ஒரு சிறு சுளை கொடுங்கள்.

2. சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் கருவியில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

பழத்துக்காக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். சிறுநீரகமும் பழுது என்றால் டுரியானில் பொட்டாசியம் அதிகம் என்பதால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது.