கேப் அடிக்கும் பழைய அமெரிக்கப் படைக் கைத்துப்பாக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: சேகரிக்கத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

பதில்: 1842 மாடல். 'கேப்' என்ற சின்ன உலோகத் தொப்பியைச் சுத்தியல் அடித்து மருந்தைப் பற்றவைக்கும் முறை. கனெக்டிகட்டின் மிடில்டவுனில் ஹென்றி ஆஸ்டன் 30,000, அவருக்குப் பிறகு ஐரா ஜான்சன் 10,000 செய்ய ஒப்பந்தம் எடுத்தார்கள். அதனால் இன்றும் கிடைக்கிறது. எட்டரை அங்குலக் குழல், பித்தளைப் பூண்கள். கையில் எடுத்தால் கனம் தெரியும், அருமையான வேலைப்பாடு.

கேள்வி: என்னுடையதில் 1838 என்று வெட்டியிருக்கிறது. ஆனால் கேப் அடிக்கும் முறை. போலியா?

பதில்: அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். 1838 என்பது செய்த ஆண்டாக இருக்கலாம், மாடல் 1836. அது சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி வெடிப்பது. பின்னாளில் அவற்றில் பலவற்றைக் கேப் முறைக்கு மாற்றினார்கள். சுத்தியல் இருக்கும் பக்கத் தகட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மருந்துக் கிண்ணமும் பொறித் தகடும் இருந்த இடத்தில் துளைகளை அடைத்த தடம் தெரிந்தால், அந்த மாற்றமும் அதன் வரலாறுதான். எனக்கு இப்படிப்பட்டவைதான் அதிகம் பிடிக்கும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: கேப் முறைக்கு மாறியதை, விலைக்காகத் திரும்பவும் கல் முறைக்குத் திருப்பி, 'அசல்' என்று விற்பது.

கேள்வி: துரு பிடித்திருக்கிறது. பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! பழுப்பேறிய அந்த மேற்பரப்பு போனால் திரும்ப வராது. மென்மையான துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். மரத்தில் உப்புத்தாள் படவே கூடாது, ஆய்வாளரின் முத்திரை அங்கேதான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, வாயருகே குறியிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு வைத்துப் பாருங்கள். கேப் செருகும் முனை வரை எட்டவில்லையா? உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். நூற்றைம்பது வருடம் ஆனாலும் கருமருந்து வெடிக்கும். நீங்களே தோண்டாதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: 1855 மாடலில் சுத்தியலுக்குக் கீழே சின்னக் கதவு எதற்கு?

பதில்: மேனார்டு என்பவர் உருவாக்கிய கேப் சுருளுக்காக. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் சுருள் கேப் போலவே, சுத்தியலை இழுக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு முன்னால் வரும். ஈரம் பட்டால் சுருள் கெட்டுவிடும், படைக்கு அதுதான் தொல்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை 4,021 மட்டுமே செய்தது.

கேள்வி: பனைமரச் சின்னம் போட்ட 1842 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கட்டுமா?

பதில்: தென் கரோலினாவின் பால்மெட்டோ ஆயுதசாலைச் சின்னம் அது. ஒப்பந்தமே 1,000 கைத்துப்பாக்கிகளுக்குத்தான், பிறகு எப்படி மலிவாக வரும்? சாதாரண ஆஸ்டனில் பழைய எழுத்தை அராவிவிட்டுப் பனைமரச் சின்னத்தை வெட்டியிருக்கலாம். தகட்டைச் சாய்த்துப் பாருங்கள், சின்னத்தைச் சுற்றிப் பள்ளம் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.