சேலத்தில் சொந்தமாக சைக்கிள் ரிப்பேர் கடை போட்டால் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் புது சைக்கிள் விற்க ஆசைப்படாமல், ரிப்பேரை மட்டும் நம்பி ஆரம்பியுங்கள். அஸ்தம்பட்டி பக்கம் அப்படி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி வேலையில் இருப்பதாகவும், கையில் கொஞ்சம் சேமிப்பு இருப்பதாகவும், பஞ்சர், பிரேக் அளவுக்கு வேலை தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

நம் ஊரில் இரண்டு வகை சைக்கிள் ஓடுகிறது. ஒன்று, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளும், பால்காரர், மார்க்கெட் வியாபாரி வைத்திருக்கும் பழைய சைக்கிளும். இவற்றுக்குப் பஞ்சர், பிரேக் கட்டை, பெடல், சக்கர அச்சில் இருக்கும் கோன், பால்ஸ் மாற்றுவது என்று சின்னச் சின்ன வேலைதான். பணம் குறைவு, ஆனால் தினமும் வரும். கடை வாடகையை இதுதான் கட்டும்.

இன்னொன்று கியர் சைக்கிள். இதில்தான் சேலத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது: ஏற்காடு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஏறுகிறவர் திரும்பி இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் வர வேண்டும். ரிம்மை அழுத்திப் பிடிக்கும் சாதா பிரேக் என்றால் ரிம் சூடேறும், கட்டை தேயும், சில நேரம் சூட்டில் டியூபே வெடிக்கும். டிஸ்க் என்றால் தட்டைப் பிடிக்கும் பேட் பளபளவென்று இறுகிப்போய்ப் பிடிப்பு போய்விடும். ஆகவே பிரேக் வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக்கில் ஒரு விஷயம் முக்கியம். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு சில பிரேக்குகளுக்கு டாட் எனப்படும் பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு, மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போகும். ஒரு ஆளின் உயிர் நம் கையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் அந்த வேலையைத் தொடுவேன்.

அப்புறம் வீல் பெண்டு எடுப்பது. வேலையை விடுவதற்கு முன்பே, பழைய மெக்கானிக் ஒருவரிடம் லீவு நாளில் போய் உட்கார்ந்து இதைப் பழகுங்கள். ஸ்போக்கைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல், சுற்றிவிட்டுப் பார்த்து, மறுபடி திருகி, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. கை தேறியவரைத் தேடி ஆட்கள் கொண்டலாம்பட்டியிலிருந்தும் வருவார்கள்.

டயரை வாங்கி அடுக்காதீர்கள். '26' அங்குலம் என்று கேட்டு வருகிற எல்லோருக்கும் ஒரே டயர் சேராது. டயரின் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும் விட்டம் 559 என்று இருப்பதும் 590 என்று இருப்பதும் பேச்சில் 26தான். ஆனால் விட்டத்தில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. அந்த எண்ணைப் பார்த்துத் தேவைக்கு வாங்கிப் போடுங்கள். முதல் பணம் சைக்கிளைத் தூக்கி மாட்டி வேலை செய்யும் ஸ்டாண்ட், அலன் கீ செட், செயின் கட்டர், பெடல் கட்டையைக் கழற்றும் கிராங்க் புல்லர், பின்சக்கரப் பல் அடுக்கான கேசட்டைக் கழற்றும் டூல், கோன் ஸ்பேனர், நல்ல பம்ப் ஆகியவற்றுக்குப் போகட்டும்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். சீட்டில் பொருள் விலையைத் தனியாக, கூலியைத் தனியாக எழுதுங்கள். பொருளில் விலையைக் கூட்டி கூலியை மறைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு வருகிற வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார். எது ஏன் மாற்ற வேண்டும் என்பதையும் கண்ணால் காட்டுங்கள். புதுச் செயினில் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரை அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரும். ஸ்கேல் வைத்து அளக்கும்போது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பல்லும் தேய்ந்திருக்கும். அவரையே அளக்கச் சொல்லுங்கள், பேரம் பாதி குறைந்துவிடும்.

காகித வேலை அதிகமில்லை. மாநகராட்சி தொழில் உரிமம் எடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கடன் தேவைப்பட்டால் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம்.

சரி, இடம். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள், அட்வான்ஸிலேயே சேமிப்பு கரைந்துவிடும். பள்ளிக்கூடம் பக்கத்தில் உள்ளே தள்ளிய தெரு போதும். சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுத்தால் மெயின் ரோட்டிலிருந்து தேடி வருவார்கள். பள்ளிப் பிள்ளையின் சைக்கிளை மட்டும் ஒரு ராத்திரிகூடக் கடையில் நிறுத்தாதீர்கள். மறுநாள் அந்தப் பிள்ளை நடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும்.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் ஸ்டாண்டைப் போட்டு ஆரம்பியுங்கள். முழு நேரக் கடையை மே மாதத்திலேயே திறந்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது, இரண்டு மாதம் மூலையில் நின்ற சைக்கிளெல்லாம் காற்றிறங்கி, செயின் துருவேறி உங்களிடம்தான் வரும்.