மூன்றாம் இடம் வந்த பிள்ளை

அண்ணனுக்கு வணக்கம். காரைக்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் நூறு மீட்டர் இறுதியை நானும் மகளும் செல்போனில் பார்த்தோம். சரியாக உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. "இந்தப் பத்து செகண்டுக்கா இம்புட்டு வருசம் ஓடுறாக?" என்று எங்க அயித்தை கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருசம் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் நூறு மீட்டரில் முதலிடம், 13.4 விநாடி. இந்த வருசம் மூன்றாம் இடம், 13.8. பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. பி.டி. சார் "இனிமே டைமிங் இறங்காதும்மா, லாங் ஜம்ப் பாக்கலாம்" என்கிறார். அவள் அப்பாவுக்கு அடுத்த வருசம் பத்தாவது, டியூஷன் என்ற கவலை. அயித்தையோ "அது ஜமைக்காப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வர்றது, நமக்கு எங்கிட்டு வரும்? புதுக்கோட்டைப் பக்கத்து ஓட்டக்காரி சாந்திக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா அண்ணே?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நிறுத்த வேண்டாம். கடைசி வரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ என்னவோ, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி சாவகாசமாகப் பேசலாம்.

முதலில் அந்த 13.4-ஐயும் 13.8-ஐயும் எடுத்துக்கொள்வோம். போன வருசம் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடியிருந்தால் இந்த வருசம் 17 வயதுக்குட்பட்டோரில் ஓடியிருப்பாள். அதாவது பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளோடு. அதில் மூன்றாவதாக வந்த பெண்ணைப் பார்த்து இறங்கிவிட்டாள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து ஸ்டாப்வாட்ச். நம் பக்கத்துக் குறுவட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரளை மண்ணில் சுண்ணாம்புக் கோடு, அந்தக் கடைசியில் ஒருவர் கிளாப்பை அடிப்பார் அல்லது விசில் ஊதுவார், இந்தக் கடைசியில் நாலைந்து ஆசிரியர்கள் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்கள், அதில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் பரிசு சர்ட்டிபிகேட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நூறு மீட்டரைக் கடந்து வருவதற்கே கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதனால்தான் துப்பாக்கிப் புகையைப் பார்த்து வாட்ச்சை அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல என்று விதியே இருக்கிறது. போன வருசம் சத்தத்தைக் கேட்டு அழுத்தியவர் கொடுத்த 13.4, இந்த வருசம் கையசைவைப் பார்த்து அழுத்தியவரிடம் 13.7 ஆகியிருக்கும், பிள்ளை அதே வேகத்தில் ஓடியிருந்தாலும். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் 0.24 விநாடி கூட்டுவதுதான் வழக்கம். மனிதக் கைக்கு அவ்வளவு மரியாதைதான்.

அப்புறம் காற்று. குறுவட்டம் பெரும்பாலும் ஆடிக்காற்று அடிக்கிற நாளில்தான் நடக்கிறது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எதிர்காற்று வந்தால் நூறு மீட்டரில் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். பின்காற்று 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். நம் பள்ளிக்கூடத்தில் காற்றளக்கிற கருவிக்கு எங்கே போவது? சரி, கருவி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? பெண்கள் நூறு மீட்டர் உலக சாதனை, ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-இல் இண்டியானாபொலிஸில் ஓடிய 10.49, இன்னும் அசையவில்லை. அந்த ஓட்டத்துக்குக் கருவி காட்டிய காற்று பூஜ்யம். அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த டிரிப்பிள் ஜம்ப்பில் காட்டியது விநாடிக்கு 4.3 மீட்டர். உலக சாதனைக்கே இந்தக் கதி. இதில் நீங்கள் 13.8-ஐ வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருக்கிறீர்கள்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் அவள் நிஜமாகவே கொஞ்சம் மெதுவாகியிருக்கலாம். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே பிள்ளை பெரியவளாகியிருப்பாள் அல்லது உயரம் சட்டென்று ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வயதில் ஆண் பிள்ளைகளுக்குத் தசை தானாக ஏறுகிறது, ஓட்டமும் வருசா வருசம் தானாகக் கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு அகலமாகும், எடை கூடும், கால் நீளும், அதைத் தூக்கி ஓடுகிற பலம் மட்டும் அதே வேகத்தில் வருவதில்லை. அதனால் ஒன்றிரண்டு வருசம் டைமிங் அப்படியே நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். பிள்ளை சோம்பேறியாகிவிட்டாள், கவனம் வேறெங்கோ போகிறது என்று நாலு பேர் சொல்வதும் சரியாக அப்போதுதான், பெண்கள் ஓட்டத்தை விடுவதும் அப்போதுதான். புது உடம்பில் ஓடப் பழக நாள் பிடிக்கும், அவ்வளவுதான். பி.டி. சார் கெட்டவர் இல்லை. ஆண் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கை இவளுக்கும் போட்டுவிட்டார்.

பதினாறு வயதில் உச்சியைத் தொட்டவர்களும் உண்டு. 2015-இல் அமெரிக்காவின் கேண்டஸ் ஹில் 16 வயதில் 10.98 ஓடினார். 11 விநாடிக்குள் ஓடிய முதல் பள்ளி மாணவி, உடனே தொழில்முறை ஒப்பந்தம், பெரிய பேச்சு. பெரியவர்களுக்கான உலகப் போட்டி எதிலும் அவருக்கு நூறு மீட்டர் பதக்கம் வரவில்லை. மறுபக்கம், நீங்கள் டோக்கியோவில் பார்த்தீர்களே மெலிசா ஜெஃபர்சன்-வுடன், 10.61-இல் ஓடிப் போட்டிச் சாதனையோடு தங்கம் வாங்கிய பெண், அவர் 2022 யூஜீன் உலகப் போட்டி இறுதியில் எத்தனையாவது தெரியுமா? எட்டாவது. கடைசி. நேரம் 11.03. அன்றைக்கு முதலில் வந்தவர் ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ், 10.67. மூன்று வருசம் கழித்து டோக்கியோவில் 38 வயது ஃபிரேசர்-பிரைஸ் ஆறாவதாக வந்தார், நேரம் அதே 11.03. இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. 21 வயதில் கடைசியாக வந்தபோது மெலிசாவையும் யாராவது லாங் ஜம்ப்புக்கு அனுப்பியிருந்தால்?

இப்போது அயித்தையின் கேள்வி. அந்தப் பத்து செகண்டில் என்ன இருக்கிறது? வீடியோவை இன்னொரு தடவை போட்டு இந்த முறை முதலில் வருபவரைப் பார்க்காமல் எல்லார் தோள்களையும் பாருங்கள். துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள், காலை ஊன்றியிருக்கும் பிளாக்கை உதைத்தால் அது தவறான தொடக்கம், ஏனென்றால் சத்தத்தைக் கேட்டு அதற்குள் அசைய மனுசரால் முடியாது என்று கணக்கு. முதல் இருபது முப்பது மீட்டருக்குத் தலை குனிந்தே இருக்கும். மெல்ல நிமிர்வார்கள். ஐம்பது, அறுபது மீட்டரில் உச்ச வேகம். அதற்குப் பிறகு எல்லாருமே வேகம் குறைகிறார்கள், எட்டுப் பேரும், தங்கம் வாங்குபவர் உட்பட. கடைசியில் ஒருவர் பறந்து வந்து முந்துவதுபோலத் தெரிகிறதே, அவர் வேகத்தைக் கூட்டவில்லை, மற்றவர்களைவிடக் குறைவாக இழக்கிறார். பக்கத்து லேனில் ஒருத்தி முந்துகிறாள் என்று தெரிந்ததும் தாடை இறுகும், தோள் காதை நோக்கி ஏறும், கை மூடிக்கொள்ளும். அந்த நொடியில் ஓட்டம் போய்விட்டது. முகத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டு முழு பலத்தில் ஓடுவதற்குத்தான் அத்தனை வருசம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன் ஒன்பதாவது லேனில் தனியாக ஓடி 10.65-இல் ஜெயித்ததையும் தேடிப் பாருங்கள். அரையிறுதியில் மூன்றாவதாக வந்து, நேரக் கணக்கில்தான் இறுதிக்கு நுழைந்தவர்.

பிறவி விசயத்துக்கு வருகிறேன். ஜமைக்காவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். நம் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்பில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சின்ன நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான 'சாம்ப்ஸ்' தடகளப் போட்டி 1910-இல் ஆரம்பித்தது, பெண்களுக்கு 1957-இல். மார்ச் மாதம் கிங்ஸ்டன் தேசிய மைதானம் நிரம்பிவிடும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூடுகிற மாதிரி கூட்டம், பார்ப்பது மட்டும் பள்ளிக்கூடப் பெண்களின் நூறு மீட்டரை. நம் குறுவட்டப் போட்டியை வேடிக்கை பார்க்க யார் வருகிறார்கள்? ஓடுகிற பிள்ளையின் அம்மாவே வருவதில்லை, நீங்கள் போயிருந்தால் அது அதிசயம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இருக்கிறது, ஆனால் நம் இரண்டு மாவட்டத்தில் யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தவர் யார்? ஃபிரேசர்-பிரைஸின் உயரமே ஐந்தடிதான், இதையும் அயித்தை காதில் போட்டு வையுங்கள்.

நம் நாட்டுப் பெண்களில் டூட்டி சந்த் 2021-இல் ஓடிய 11.17-க்கும் அந்த 10.61-க்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி. அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் டோக்கியோ போவாளா என்று என்னைக் கேட்டால் தெரியாது, இப்போது அது கேள்வியும் இல்லை.

சாந்தி விசயம். அயித்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்து 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், அந்தரங்கமாக இருக்க வேண்டிய முடிவு டிவியில் ஓடியது. அதைச் செய்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். டோக்கியோவிலிருந்து உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை ஒரு தடவை கட்டாயம் என்றும் ஆக்கிவிட்டார்கள், அதைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு, தனியாக எழுதுகிறேன். ஆனால் சாந்தியைக் காட்டி ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை வீட்டில் உட்காரவைப்பது சாந்திக்கு நடந்ததை இன்னொரு தடவை நடத்துவதுதான். பதிலுக்கு மதுரை சக்கிமங்கலம் ரேவதியைச் சொல்லுங்கள். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்தார், பொம்பளைப் பிள்ளையை எதற்கு ஓடவிடுகிறாய் என்று கேட்டவர்களை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பேத்தி ஆண், பெண் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார்.

இனி செய்ய வேண்டியது. ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள், மாதவிலக்கு ஆரம்பித்த வயதில் இது குறைவாக இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. குறைவு என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், வீட்டில் ஈரல், முட்டை, முருங்கைக்கீரை. உளுந்தும் கருப்பட்டியும் போட்டுக் கும்மாயம் கிண்டுகிற வீடாக இருந்தால் அது பண்டிகைக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். சாரிடம் லாங் ஜம்ப் வேண்டாம் என்று சண்டை போட வேண்டாம், அதுவும் காலுக்குப் பலம்தான், நூறு மீட்டரையும் விடாமல் இருந்தால் போதும். டியூஷன் சாயங்காலம் என்றால் ஓட்டத்தைக் காலையில் வாரம் மூன்று நாள் வையுங்கள், அவள் அப்பாவையே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, எந்த மைதானம், காற்று எந்தப் பக்கம், வாட்ச் யார் கையில், சத்தத்துக்கா கையசைவுக்கா என்று ஒவ்வொரு தடவையும் டைமிங்குக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருசம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.