அகராதியை மூடிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவல் 30 பக்கத்துக்கு மேல் நகரவில்லை, பாதி வார்த்தை புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது குமரி மாவட்டக் கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு, வாய்விட்டுப் படித்தால் எழுத்தில் முறைக்கிற வார்த்தை காதில் விழுந்ததும் பாதி பிடிபட்டுவிடும். 1956 வரை, கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இல்லையா, மலையாளம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் அம்மச்சி இன்றும் "இத்திரி வெள்ளம் எடு மக்களே" என்றுதான் தண்ணீர் கேட்பாள். போன மாதம் மறுபடி எடுத்தேன், பஸ்ஸில் நான் உதடசைத்துப் படிப்பதைப் பார்த்துப் பக்கத்து சீட்காரர் ஜெபம் என்று நினைத்துக்கொண்டார். அப்படியும் ஓடவில்லையா, சரி, அதே மாவட்டத்துக்காரரான நாஞ்சில் நாடன் சிறுகதைகள் நாலைந்து படித்துவிட்டு அப்புறம் திரும்பி வாருங்கள்.