கம்பி, கணு, விம்மல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சர்ச் பாடல் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். 5-ஆம் ஃப்ரெட்டிலும் 7-ஆம் ஃப்ரெட்டிலும் எழும் சீரிசைகளை (கம்பியின் அடிப்படை ஒலியின் மடங்குகளான ஹார்மோனிக்ஸ்), விம்மல் (சற்றே வேறுபடும் இரு ஒலிகள் சேரும்போது சத்தம் ஏறி இறங்குவது) அடியோடு நிற்கும்வரை சேர்த்து ட்யூன் செய்கிறேன். இருந்தும் கார்டு பிடித்தால் சுருதி பிசகுகிறது. கிட்டாரில் கோளாறா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. விம்மலை அடியோடு நிறுத்துகிறீர்களே, அதில்தான் பிசகு.

7-ஆம் ஃப்ரெட் கம்பியின் மூன்றில் ஒரு பங்கு. 5-ஆம் ஃப்ரெட் நாலில் ஒரு பங்கு. அங்கே விரல் பட்டதும், அந்த இடத்தில் கணு (அசையாமல் நிற்கும் புள்ளி) உள்ள அதிர்வுகள் மட்டும் பிழைக்கும், மற்றவை அடங்கிவிடும். 6-ஆம் கம்பி 82.41 ஹெர்ட்ஸ், 5-ஆம் ஃப்ரெட் சீரிசை அதன் நான்கு மடங்கு, 329.63. 5-ஆம் கம்பி 110. 7-ஆம் ஃப்ரெட் சீரிசை அதன் மூன்று மடங்கு, 330. ஆக, சரியான சுருதியில் இந்த இரண்டும் ஒன்றல்ல. சுமார் 2.7 விநாடிக்கு ஒரு விம்மல் இருந்தே ஆக வேண்டும். அதை அழித்தால் 5-ஆம் கம்பி 2 சென்ட் இறங்கும். இப்படியே கம்பிக்குக் கம்பி சேர்த்துப் போனால் 3-ஆம் கம்பிக்குள் 6 சென்ட் இறக்கம். (அரை ஸ்வரம் 100 சென்ட்.) கார்டில் இது காதில் படும்.

முதலில் 6-ஆம் கம்பியை ட்யூனரில் சரிசெய்யுங்கள். பிறகு 5-ஆம் கம்பியை விம்மல் நிற்கும்வரை கொண்டுவந்து, ஒரு துளி முறுக்கி அந்த மெதுவான விம்மலை வரவழையுங்கள். 4-ஆம் கம்பிக்கு 2 விநாடிக்கு ஒன்று, 3-க்கு ஒன்றரை விநாடிக்கு ஒன்று. 1-ஆம் கம்பியை மட்டும், 6-ஆம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட் சீரிசையோடு விம்மலே இல்லாமல் சேர்க்கலாம்.

சீரிசை மங்கலாக வந்தால், விரல் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே இல்லை, அல்லது மீட்டும் இடம் தவறு. 65 செ.மீ. கம்பியில் பிரிட்ஜிலிருந்து 16 செ.மீ. தள்ளி மீட்டினால் நான்காம் சீரிசை (5-ஆம் ஃப்ரெட்டில் எழுவது) எழாது. அதுவும் அதன் கணுதான். 8 செ.மீ. தள்ளி மீட்டுங்கள்.

டிசம்பர் குளிரில் இன்னொன்றும் உண்டு: எஃகுக் கம்பி சுருங்கும், மரம் அந்த அளவுக்குச் சுருங்காது, இழுவிசை கூடிச் சுருதி ஏறும். குழுவில் புல்லாங்குழல் இருந்தால் அது எதிர்த்திசையில் இறங்கும். பாடும் இடத்திலேயே கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வைத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள்.

கேள்வி: கம்பியை நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6-ஆம் சீரிசைகள் எழாது என்று பாடத்தில் படித்தேன். தம்புராவில் அவை கேட்கின்றனவே?
– மாணவி, கொடைக்கானல்

பதில்: உங்கள் காது சொல்வது சரி. பாடத்தில் உள்ள விதி, கம்பி ஒரே புள்ளியில் கூர்மையாக முடியும் கருவிக்கு. தம்புராவின் குதிரை (பிரிட்ஜ்) அகலமானது, மேற்பரப்பு லேசாக வளைந்தது. அதிரும் கம்பி அதன்மேல் படிந்து விலகுவதால், அதிரும் நீளம் ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது. இல்லாத சீரிசைகளுக்கும் ஆற்றல் போய்ச் சேருகிறது. வீணையிலும் இப்படித்தான். சி.வி. ராமன் 1921-இல் கல்கத்தாவில் இருந்தபோது இதைக் கவனித்து எழுதினார். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே உள்ள நூலை எடுத்துவிட்டு நடுவில் மீட்டிப் பாருங்கள், ரீங்காரம் வற்றிப்போகும். நூலை மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் திரும்ப வரும்.