குரோ முகமூடிகளில் பெண்ணழகு எப்படிக் காட்டப்படுகிறது?
மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் நடுப்பகுதியில் வாழும் குரோ மக்கள் மரத்தில் செதுக்கும் பெண் முகமூடிக்குப் பெயர் 'கு'. மானும் சிறுத்தையும் கலந்த ஸாம்ப்ளே முகமூடியின் மனைவி இவள் என்பார்கள். ஒடுங்கி நீண்ட முகம், எடுப்பான நெற்றி, பாதி மூடிய கண்கள், சின்ன வாய். கொண்டையை மட்டும் சிற்பி இழை இழையாகச் செதுக்கியிருப்பார். எனக்கு அதுதான் பிடித்த இடம்.

ஏன் இந்தச் சாயல்? தாழ்ந்த இமை நிதானத்தைச் சொல்கிறது, வாரி முடிந்த தலை தன்னைப் பேணும் பாங்கைச் சொல்கிறது. அங்கே நடத்தையும் அழகில் சேர்த்திதான். துணிக்கடை பொம்மை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய முகமும் இல்லை, ஊர் ரசிக்கும் முகம்.

பெண் முகம் என்பதால் பெண்கள் அணிவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2017-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த ஸாவுலி நடனத்தின் முகமூடி உட்பட, பெண்ணழகைப் போற்றும் இந்த முகமூடிகளை அணிந்து ஆடுவது ஆண்கள்தான்.