பத்தரை மணி என்றால் பத்தரை மணிதானா?

கேள்வி: அம்மாவுக்காகச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் முதன்முறையாகத் தொலைபேசியில் முன்பதிவு செய்திருக்கிறேன். காலை 10.30 மணிக்கு வரச் சொன்னார்கள். அந்த நேரத்திலேயே பார்த்துவிடுவார்களா? எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பல தனியார் மருத்துவமனைகளில் அது நீங்கள் வரவேற்பறையில் பெயர் கொடுக்க வேண்டிய நேரமே தவிர, மருத்துவரின் அறைக்குள் நுழையும் நேரமன்று. புதிதாக வருபவருக்குக் கோப்பு போட்டு, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, டோக்கன்படி அழைப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடலாம்.

அதைவிட முக்கியம், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களா என்று இப்போதே கேட்டுக்கொள்வது. எடுப்பார்கள் என்றால், அதற்கு முன் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும், ஒரு வாய் காபிகூட, கூடாது என்பதாலும், வயதானவரைப் பத்தரை வரை பட்டினி போடுவது சரியல்ல என்பதாலும், ஆய்வகம் திறந்தவுடனேயே ரத்தம் கொடுக்க அனுமதி கேளுங்கள். காலை மாத்திரை அல்லது இன்சுலினை என்ன செய்வது என்பதையும் கேட்டுவிடுங்கள். சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பதுண்டு. எனவே, சிற்றுண்டியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

பழைய மருந்துச்சீட்டுகள், பரிசோதனை முடிவுகளுடன், ‘காலையில் ஒரு வெள்ளை மாத்திரை’ என்று சொல்ல நேராதபடி மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.